சந்திரமதியின் இடக்கைக் கிட்டார்

ஜொகூர் பாருவை அடுத்த பாசிர் கூடாங்கில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சந்திரமதி பதினேழு வருடமாகக் குறை கண்டுபிடித்து வருகிறாள். அதுதான் அவளுடைய வேலை. வரிசையில் வரும் சின்னச் சின்னப் பலகைகளை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்ப்பாள். எங்கே கீறலோ, எங்கே கோணலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். அரிசி மணியில் பாதி அளவுள்ள காகித அம்பு. அவள் அம்பு ஒட்டிய பலகையை மேலாளரே வந்து கெஞ்சினாலும் வெளியே அனுப்ப முடியாது. பதினேழு வருடத்தில் அவள் ஒட்டிய அம்பு ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை. இதை அவளுடைய அண்ணன் லெட்சுமணன் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

லெட்சுமணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரைக்கும்தான். ஆனால் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு யார் ஏறினார்கள் என்பது அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அண்ணன், தங்கை, அம்மா வெள்ளையம்மா மூவரும் இருப்பது மாசாய்ப் பக்கம் ஒரு வரிசை வீட்டில். வாசலில் காருக்கு ஒதுக்கிய இடத்தில் பஸ் நிற்காது என்பதால், எதிரே இருக்கும் காலி நிலத்தில் நிற்கும். கத்தரிப்பூ நிறத்தில், இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு போட்ட பஸ்.

சந்திரமதிக்கு இடக்கைப் பழக்கம். சோறு தின்பதும் எழுதுவதும் மட்டும் வலக்கையில். சோற்றுக் கையை வெள்ளையம்மா திருத்தினாள், எழுதும் கையைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை திருத்தினார். மற்றதைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதனால் கத்தரிக்கோல், துடைப்பம், ஸ்குரூ டிரைவர், தொழிற்சாலை அம்பு எல்லாம் இடக்கைக்குப் போய்விட்டன. கூடவே கிட்டாரும் போய்விட்டது. பத்தொன்பது வயதில், ஊரை விட்டுப் போன தோழி ஒருத்தி விட்டுச் சென்ற மரக் கிட்டாரின் கம்பிகளை முன்பின்னாக மாற்றிக் கட்டி, சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து தானாகவே பழகிக்கொண்டாள். பதினேழு வருடத்தில் அந்தக் கிட்டாருக்கு வயிறு உப்பிவிட்டது. அவளுக்கோ கை நன்றாக வந்துவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது.

போன செப்டம்பரில் மதிவாணன் காதில் விழுந்தது. அவர்கள் குடியிருக்கும் தாமானில், அதாவது அந்த வீட்டுக் குடியிருப்பில், கல்யாணம், பிறந்தநாள், பொங்கல் விழா எல்லாவற்றுக்கும் பாட்டுக் கச்சேரி நடத்துகிறவன் அவன். அவனுடைய கிட்டார்க்காரர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். விடிவதற்குள் பாலம் தாண்டினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார், ஒத்திகைக்கு வர முடியாது. லெட்சுமணனிடம் விழா பஸ் பேச வந்த மதிவாணன் பின்கட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விட்டான்.

கேட்டு முடித்ததும் அவன் சொன்னது சுருக்கமாக இருந்தது. பொங்கல் விழாவில் சந்திரமதி வாசிக்கலாம். ஆனால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் இந்த மரக் கிட்டார் கேட்காது, கரண்ட் கிட்டார் வேண்டும். அவனிடம் இருப்பது சோத்தாங்கைக் கிட்டார். விழாவுக்குள் அவளுக்குப் பீச்சாங்கைக் கிட்டார் ஒன்று கிடைத்தால் இடம் அவளுக்கு. கிடைக்காவிட்டால் கூலாயில் அவனுடைய மச்சான் சுகுமாறன் இருக்கிறான், கிட்டாரும் சொந்தமாக வைத்திருக்கிறான்.

மதிவாணன் போன பிறகு சந்திரமதி அண்ணனிடம் சொன்னாள்: "அண்ணே, எனக்கு மேடையில உக்காந்து ஒரு தடவை வாசிக்கணும்."

முப்பத்தாறு வருடத்தில் அவள் தனக்காக ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. லெட்சுமணன் அதை நோட்டுப் புத்தகத்தில் குறிக்கவில்லை. மறந்துவிடும் என்று தோன்றியதைத்தான் அவன் குறித்துக்கொள்வான்.

ஜொகூர் பாருவில் மூன்று கடை ஏறி இறங்கினார்கள். இடக்கைக் கிட்டார் எங்கும் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும் அக்கறையோடு, கையை மாற்றிக்கொள்வது சுலபம், இரண்டு வருடம்தான் பிடிக்கும் என்று யோசனை சொன்னார். வீட்டுக்குத் திரும்பியதும் சந்திரமதி கைத்தொலைபேசியை எடுத்துப் பாகம் பாகமாக ஆர்டர் போட ஆரம்பித்தாள். கட்டை ஓரிடம், கழுத்து ஓரிடம், கம்பி முறுக்கும் திருகுகள் ஓரிடம், சத்தத்தைப் பிடிக்கும் பிக்அப்புகள் ஓரிடம், குமிழ்கள், ஒயர், ஆணிகள் இன்னோரிடம்.

சாப்பாட்டு மேசை பரிசோதனை மேசையானது. வந்த பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே லெட்சுமணன் தேதியும் மணியும் எழுத வேண்டும். பிறகு ஆணிகளை எண்ண வேண்டும். எட்டு என்று போட்டிருந்த இடத்தில் ஒன்பது இருந்தால் அதுவும் குறைதான், ஒன்பதாவது ஆணிக்கு அம்பு. தொழிற்சாலையில் காலாவதியாகித் தூக்கிப் போட்ட அம்புச் சுருள் ஒன்றை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். சுருளில் இரண்டாயிரம் அம்புகள் இருந்ததால் சிக்கனம் தேவைப்படவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கில், சுழி சரியில்லாத ஒன்பது முறுக்குகளில் சிவப்பு அம்பு இருந்தது. வெள்ளையம்மா அதைக் குங்குமப்பூ என்று நினைத்து இரண்டைத் தின்றுவிட்டாள்.

முதலில் வந்த கட்டை சோத்தாங்கைக் கட்டை. கிட்டாரின் கட்டைக்கு மாட்டுக்கு இருப்பதுபோல இரண்டு கொம்பு உண்டு. எது நீளம் என்பதைப் பார்த்தாலே எந்தக் கைக்கு என்று தெரிந்துவிடும். சந்திரமதி நான்கு அம்பு ஒட்டிப் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில் வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, தயவுசெய்து பின்பக்கமிருந்து பாருங்கள், இது இடக்கைதான் என்று எழுதி, கட்டையின் முதுகைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்கள்.

லெட்சுமணன் நியாயமானவன். கட்டையை நாற்காலியில் நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்தது. பின்பக்கமிருந்து பார்த்தால் அது இடக்கைதான். அவன் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தான்.

"அப்ப சரி," என்றாள் சந்திரமதி. "பொங்கலுக்கு வர்ற சனங்கள எல்லாம் மேடைக்குப் பின்னால உக்காரச் சொல்லிடுவோம்ண்ணே."

கட்டையைத் திருப்பி அனுப்பி, இருபத்து மூன்று நாள் காத்திருந்ததில் சரியான கட்டை வந்தது. கழுத்து கட்டையில் உட்காரும் பள்ளத்தில் தலைமுடி நுழையும் அளவு இடைவெளி இருந்தது. மற்றவர்கள் என்றால் விட்டிருப்பார்கள். சந்திரமதி அதற்கு அம்பு ஒட்டி, மெல்லிய மரச் சீவல் வைத்து அடைத்து, மேலே விளக்கைப் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று கீழேயிருந்து பார்த்து, பிறகுதான் அம்பை எடுத்தாள்.

சாயம் பூசுவது லெட்சுமணன் பொறுப்பு. கறுப்பு வாங்கலாமா சிவப்பு வாங்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்கு வாங்கிய கத்தரிப்பூ சாயம் அரை டின் மீதம் இருப்பதை அவன் நினைவூட்டினான். மீதம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று மூன்று தர உப்புத்தாளால் கட்டையைத் தேய்த்து, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டுச் சாயம் அடித்தான். முதல் பூச்சில் பதினொரு தூசி, பதினொரு அம்பு. மறுபடி தேய்த்தான். இரண்டாம் பூச்சில் நான்கு. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அந்த மகிழ்ச்சியில் கை பழக்கத்தில் போய், இடுப்புப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடும் இழுத்துவிட்டான். சந்திரமதி அதை நீண்ட நேரம் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. நேராக இருப்பதற்கு அம்பு ஒட்ட முடியாது, அப்படியே விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் லெட்சுமணனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பயணம் போவதற்காக அவனுடைய பஸ்ஸில் மைக்கும் ஒலிபெருக்கியும் உண்டு. காலைப் பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இன்று கழுத்து பூட்டியாயிற்று, நாளை திருகு வரும் என்று மைக்கில் அறிவிப்பான். டிசம்பர் வந்தபோது, அவளைக் கண்ணால் பார்த்திராத வங்காளதேச வேலையாட்கள்கூட அவனைப் பார்த்ததும் கிட்டார் எப்படி என்று விசாரித்தார்கள்.

கடைசியாக ஒயர் வேலை. எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று காட்டும் படங்கள் எல்லாம் சோத்தாங்கைக் கிட்டாருக்கு வரைந்தவை. சந்திரமதி ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளையம்மாவின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் நிறுத்தினாள். எதிரே லெட்சுமணன் படத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியில் வலது இடதாகத் தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு முனைக்கும் ஈயம் வைத்தாள். நான்கு மணி நேரம் லெட்சுமணன் கையை அசைக்கவில்லை. மூக்கு அரித்தபோது வெள்ளையம்மாவைக் கூப்பிட்டுச் சொறியச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பஸ்ஸுக்குள் வைத்துச் சோதனை. வீட்டில் வேறு ஒலிபெருக்கி இல்லை. மைக்கைக் கழற்றிவிட்டுக் கிட்டாரைச் செருகினார்கள். சந்திரமதி ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, சத்தக் குமிழை முழுக்க ஏற்றிவைத்துக் கம்பியை மீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை.

ஈயம் வைத்த இடங்கள் பதினாறு. பதினாறையும் கழற்றி மறுபடி வைத்தாள். சத்தமில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, ஒயர் செருகும் ஜாக்கை மாற்றினாள். சத்தமில்லை. செவ்வாய்க்கிழமை லெட்சுமணன் பஸ்ஸின் ஒலிபெருக்கியைப் பிரித்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பிரித்த பிறகு ஒன்று வந்தது, அதையும் சரி செய்ய வேண்டியதாயிற்று. பொங்கல் விழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மதிவாணன் தொலைபேசியில், மச்சானைத் தயாராக இருக்கச் சொல்லலாமா என்று மரியாதையாகக் கேட்டான்.

வெள்ளையம்மா தேநீர் கொண்டுவந்து பஸ்ஸில் ஏறினாள். இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் திறந்து கிடக்கும் எதையும் பார்த்தால் பொறுக்காது.

"வேல செய்யலன்னா ஏன்டி தொறந்தே வெச்சிருக்க? மூடி வையி," என்று, காஸ் அடுப்பை மூடுவதுபோலக் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டாள். அப்போது தேநீர்க் கோப்பையின் அடி கம்பியில் இடித்தது.

பஸ்ஸின் எட்டு ஒலிபெருக்கியும் ஒன்றாக அலறின. காலி நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் சாக்கடையில் குதித்தது. வெள்ளையம்மா தேநீரைக் கீழே போடவில்லை, ஆனால் அன்றிலிருந்து ஒரு வாரம் பஸ் பக்கம் வரவில்லை.

கண்ணாடியின் வேலைதான் அது. கண்ணாடியில் படம் திரும்பும், குமிழ் திரும்பாது. அதனால் ஏற்றினால் இறங்கியது, இறக்கினால் ஏறியது. மூன்று நாளாக அவர்கள் சத்தத்தை முழுக்க அடைத்துவைத்துக்கொண்டு சத்தத்தைத் தேடியிருக்கிறார்கள். லெட்சுமணன் நோட்டுப் புத்தகத்தில், வேலை செய்கிறது, எதிர்த்திசையில், என்று எழுதினான். சந்திரமதி இரண்டு முனைகளை மாற்றி ஈயம் வைத்து, இருபது நிமிடத்தில் திசையைச் சரிசெய்தாள். பிறகு ஒரு பாட்டு முழுக்க வாசித்தாள். லெட்சுமணனுக்கு இசை தெரியாது. பிரேக்கில் வரும் சின்னக் கீச்சொலிகூட அவன் காதுக்குத் தப்பாது. அந்தப் பாட்டில் அவனுக்கு ஒரு கீச்சும் கேட்கவில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் அறிவித்தான். சாயங்காலத்துக்குள் செய்தி காளியப்பனிடம் போய்விட்டது.

காளியப்பன் தாமான் பிள்ளையார் கோயில் தலைவர், பொங்கல் விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். தாமானுக்குப் பெருமை சேர்க்கும் பிள்ளையை நேரில் பாராட்ட வேண்டும் என்று வந்தார். சந்திரமதி மரியாதைக்கு வலக்கையால் காப்பி கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். கத்தரிப்பூ நிறத்தைப் பாராட்டினார். வாசிக்கச் சொன்னார். அவள் கிட்டாரை மடியில் வைத்து, இடக்கையை ஓங்கிக் கம்பியில் போட்டாள்.

காளியப்பன் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மேடையில பிள்ளையார் படம் இருக்கும். குத்துவிளக்கு எரியும். அதுக்கு முன்னால, அந்த..." என்று நிறுத்தினார். அந்தக் கையின் பெயரை ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்து சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மொத பாட்டே பிள்ளையார் வணக்கம் இல்லையா?"

குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி எழுந்தார். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். அவர் போகும்போதே தொலைபேசியில் மதிவாணனிடம், மச்சானையும் கிட்டாரோடு வரச் சொல்லிவிடுங்கள் என்று பேசியது வாசல்வரை கேட்டது.

லெட்சுமணன் அன்று சாப்பிடவில்லை. மைக்கில் அறிவிக்காமல் இருந்திருந்தால் காளியப்பன் வந்திருக்கமாட்டார், விழா மேடையில் அவள் வாசித்து முடித்த பிறகுதான் கை எது என்று யாருக்காவது தெரிந்திருக்கும். அவளுக்கு இருந்த ஒரே ஆசையைத் தன் வாயே கெடுத்துவிட்டது என்று அவன் நினைத்தான். சந்திரமதி அவனைத் திட்டவில்லை. கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, பிள்ளையார் வணக்கத்தை மிக மெதுவாக வாசித்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு, கோயில் பயணத்தில் ஆள் கணக்குக்காக அவன் வைத்திருக்கும், பெருவிரலால் அமுக்கி எண்ணும் கருவிகள் இரண்டையும் சனிக்கிழமைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் ஏழு பேர் நாற்காலியில் இருந்தார்கள். கூலாயிலிருந்து சுகுமாறன் வந்திருந்தான். நல்ல பையன்தான், தன்னால் யாருக்கோ வருத்தம் என்று தெரிந்து மூலையில் சிரித்துக்கொண்டு நின்றான். காளியப்பன் நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரே விஷயத்தை வாசித்தார். சந்திரமதி எழுந்து கேட்டாள்.

"தலைவரே, கிட்டார்ல பாட்டு எந்தக் கையிலருந்து வருது?"

அடிக்கிற கையிலிருந்துதான், இதில் என்ன சந்தேகம் என்றார் காளியப்பன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்படியானால் எண்ணிப் பார்த்துவிடலாம், தொழிற்சாலையில் சந்தேகம் வந்தால் எண்ணித்தான் முடிவு செய்வோம் என்றாள் அவள். சுகுமாறன் முதலில் வாசித்தான். அவனுடைய இடக்கை விரல் ஒன்று கழுத்தில் கம்பியை ஒருமுறை அமுக்கினால் லெட்சுமணனின் கருவியில் ஒன்று. வலக்கை கம்பியில் ஒருமுறை விழுந்தால் மதிவாணனின் கருவியில் ஒன்று. சா வேண்டுமா ரி வேண்டுமா என்று முடிவு செய்வது கழுத்தில் இருக்கும் விரல்தான், மற்றக் கை வெறுமனே தட்டிக்கொடுக்கிறது என்பதை அவள் இடையில் நிறுத்திக் காட்டினாள். சுகுமாறனை இடக்கையை எடுத்துவிட்டு வலக்கையால் மட்டும் பாட்டை வாசிக்கச் சொன்னாள். டொய்ங் டொய்ங் என்று ஒரே சத்தம்தான் வந்தது.

பாட்டு முடிந்ததும் கணக்கு: இடக்கை நானூற்றுப் பதினெட்டு, வலக்கை இருநூற்று அறுபத்து மூன்று.

அதே பாட்டைச் சந்திரமதி தன் கிட்டாரில் வாசித்தாள். கழுத்தில் இருந்தது அவளுடைய வலக்கை. நானூற்றுப் பதினெட்டும் சோத்துக்கையில் விழுந்தது.

காளியப்பன் ஒரு பேனாவை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"அப்ப இத்தன வருசமா நம்ம மேடையில?"

"பதினோரு வருசம் தலைவரே," என்றான் மதிவாணன்.

பதினொரு வருடமாகப் பிள்ளையார் வணக்கம் எந்தக் கையிலிருந்து வந்திருக்கிறது என்பது ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒருவர் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தால் சரியாகுமா என்று ஒருவர் கேட்டார். தெரியாமல் செய்தது கணக்கில் வராது என்றார் இன்னொருவர். டிரம்ஸும் கீபோர்டும் எந்தக் கை என்று நான்காமவர் ஆரம்பித்தபோது, நிகழ்ச்சி நிரலில் கிட்டார் மட்டும்தான் இருக்கிறது என்று காளியப்பன் அவசரமாகத் தடுத்தார். பிறகு தீர்மானத்தைச் சொல்லிச் சொல்லிக் கூட்டக் குறிப்பேட்டில் தானே எழுதினார். இனிமேல் நமது மேடையில் கிட்டார் வாசிப்பவர், பாட்டு வரும் கை வலக்கையாக இருக்கும்படி வாசிக்க வேண்டும். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அலாமாக், அப்ப நானு?" என்று பதறினான் சுகுமாறன்.

"நீங்க அத திருப்பிப் புடிச்சு வாசிங்க தம்பி," என்றார் காளியப்பன்.

அவன் திருப்பிப் பிடித்துப் பார்த்தான். கிட்டார் முழங்காலிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போய் நாற்காலியோடு சாய்ந்தான். சந்திரமதிதான் தூக்கிவிட்டாள்.

வெளியே வரும்போது சாயங்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் கைகூப்பி நின்றார்கள். குருக்கள் வலக்கையில் தீபத்தைச் சுற்றிக்கொண்டு, இடக்கையால் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு வருடமாகப் பார்த்துவரும் காட்சியை லெட்சுமணன் அன்றுதான் பார்த்தான். மணி எந்தக் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இப்போது எழுதின தீர்மானம் நிற்காது. மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவளும் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருடத்தில் எந்தக் குறையையும் விடாத கண். ஒரு கணம் கழித்து அவள் கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் பக்தியாகக் கும்பிட்டாள். லெட்சுமணனும் மூடிக்கொண்டான். அதைப்பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

பொங்கல் விழா ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, தாமானின் பொது மண்டபமான பாலாய் ராயாவில் நடந்தது. திரை விலகியதும் தொழிற்சாலை ஆட்கள் நிறத்தைப் பார்த்து, பஸ் வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். சந்திரமதி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையார் வணக்கத்தில் ஆரம்பித்து ஒன்பது பாட்டு வாசித்தாள். நான்காவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் நின்று, பாடுகிறவர் நின்று, அவளுடைய கிட்டார் மட்டும் தனியாகப் போகும் இடம் ஒன்று இருந்தது. மதிவாணன் முப்பது விநாடி கொடுத்திருந்தான். அவள் ஒரு நிமிடம் பத்து விநாடி எடுத்துக்கொண்டாள். லெட்சுமணன் முதல் வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது துல்லியமான கணக்கு. அந்த ஒரு நிமிடம் பத்து விநாடியில் தட்டுகளில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட அகப்பையைத் தூக்கியபடியே நின்றார்கள்.

வெள்ளையம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சோறு திங்கறதயும் எழுதறதயும்தான் திருத்தினேன். மத்தத வேணும்னேதான் விட்டேன்."

பிப்ரவரி மாதம் சுகுமாறன் வீட்டுக்கு வந்தான். கூலாய்க் கோயில் தலைவர், காளியப்பனுக்குச் சம்பந்தி முறை. தீர்மானம் அங்கேயும் போய்விட்டது. சித்ரா பௌர்ணமி விழாவிலிருந்து கூலாய் மேடையிலும் பாட்டு வரும் கை வலக்கையாக இருக்க வேண்டும். அதனால் தனக்கும் ஒரு பீச்சாங்கைக் கிட்டார் செய்து தர வேண்டும் என்றான்.

"உனக்கு எந்தக் கை பழக்கம்?" என்று கேட்டாள் சந்திரமதி.

"சோத்தாங்கைதான்க்கா. என்ன செய்யறது, ரூல்ஸ் லா."

அவள் கட்டைக்கு ஆர்டர் போட்டாள். ஆனால் கிட்டார் வந்தால் போதுமா, கை வர வேண்டாமா? பதினைந்து வருடம் பழகிய இரண்டு கையையும் இடம் மாற்றி முதலிலிருந்து கற்றுக்கொள்ள, கடைக்காரர் சொன்ன கணக்குப்படியே பார்த்தாலும் இரண்டு வருடம் பிடிக்கும். அதுவரை கூலாய் மேடையில் யார் வாசிப்பது என்று அவனே கேட்டு, அவனே பதிலும் சொன்னான்.

இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கூலாயில், இரண்டு ஞாயிறு தாமானில். ஒரு தடவை மேடையில் உட்கார வேண்டும் என்று கேட்டவள், போன மாதக் கடைசிவரை பத்தொன்பது தடவை உட்கார்ந்துவிட்டாள். கூலாய்க்கு அவளை அழைத்துப் போக லெட்சுமணன்தான் பஸ்ஸை எடுக்கிறான். நாற்பத்து நான்கு இருக்கை, ஒரே ஒரு பயணி. நெடுஞ்சாலையில் ஏறியதும் மைக்கை எடுத்து, அடுத்து வாசிக்கப் போவது யார் என்று அறிவிக்கிறான். கேட்க அவளைத் தவிர ஆளில்லை. "போதும்ண்ணே, ரோட்ட பாருங்க," என்கிறாள் அவள்.